பிழை காலிலா, காரிலா

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் கார் சிவப்பு விளக்கைக் கண்டால் நின்றுவிடும். எல்லாக் காரும் நிற்கும்தான். எங்களுடையது என்ஜினையும் நிறுத்திவிட்டு நிற்கும். பச்சை விழுந்ததும் பின்னால் எங்கள் லூயிஷாம் ஊர் முழுவதும் ஹோர்ன் அடிக்கும். நான் வெட்கத்தில் சீட்டுக்குக் கீழே குனிந்துகொள்வேன்.

அம்மா லைசென்ஸ் எடுத்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் வீட்டில் விசாரணை நீளவில்லை. பிழை அம்மாவின் காலில் என்று முடிவாயிற்று. கிளச்சை மிதித்துக்கொண்டுதான் நிற்கிறேன் என்று அவர் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, ஒரு சனிக்கிழமை காலை வந்து, காரில் எங்கள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினார். எங்கள் தெருவில் சிக்னலே கிடையாது.

“கார் தங்கம்,” என்றார். “ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம். கொஞ்ச நாளைக்குத் திறப்பை அவரிட்டைக் குடு பிள்ளை.”

திறப்பு என்கிற சாவி அப்பாவிடம் போய்விட்டால் அம்மா விடியற்காலை ஷிப்டுக்கு மறுபடியும் இரண்டு பஸ் மாறவேண்டும். அதைவிட, அந்தப் பழி. அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. எனக்கு மாமாமேல் கோபம் கோபமாக வந்தது. அம்மா திறப்பைக் கொடுக்கவில்லை. போய்ப் பொனெட்டைத் திறந்தார்.

வேலை இடைவேளைகளில் போனில் வீடியோ பார்த்துப் பாடமாக்கியிருந்தார் போலும். அப்பா எந்தப் பக்கமும் சாயாமல் டோர்ச் பிடித்தார். காற்றுக் குழாயைக் கழற்றியதும், என்ஜினுக்குள் காற்றுப் போகும் வாய் தெரிந்தது. த்ராட்டில் பாடி என்றார் அம்மா. உள்ளே திறந்து மூடும் ஒரு சிறு தட்டு. அதன் விளிம்பெல்லாம் தோசைக்கல்லின் அடி போலக் கரி. அது காற்றை அடைத்ததால்தான் கார் நிற்கும்போதெல்லாம் என்ஜின் மூச்சு முட்டி அணைந்திருக்கிறது. மாமா விரலை நீட்டினார்.

“கையாலை தள்ளாதேங்கோ அண்ணை, பழுதாப் போயிடும்,” என்றார் அம்மா.

துணியில் ஸ்பிரே அடித்து அடித்துத் துடைத்தார். அப்பா இடுப்பில் கட்டும் பழைய சாரம் துண்டு துண்டாகக் கறுத்துப்போயிற்று. எட்டாத மூலைகளுக்குப் பல் பிரஷ். கடைசியில் தட்டு பளிச்சென்று வந்தது. எல்லாவற்றையும் பூட்டி ஸ்டார்ட் செய்தபோது என்ஜின் உறுமி, வெள்ளைப் புகை கக்கியது. மாமா மதில்வரை ஓடிவிட்டார்.

“நிப்பாட்டு பிள்ளை, நிப்பாட்டு.”

“உள்ளுக்கை நிண்ட ஸ்பிரே எரியுது. கொஞ்சம் பொறுங்கோ.”

சில நிமிடங்களில் சத்தம் இறங்கிச் சீரானது. அம்மா கை கழுவிவிட்டு வந்தார். “ஏறுங்கோ, விம்பிள்டன் கோயிலுக்குப் போவம். அண்ணை, நீங்கள் முன்னாலை.”

முதல் சிவப்பு விளக்கில் நால்வரும் மூச்சை அடக்கினோம். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பச்சை விழ, கார் சமர்த்தாக நகர்ந்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். அடுத்த சிவப்பு. அதற்கடுத்தது. பிறகு அம்மா நேரான சாலையை விட்டு இடப்பக்கம் திரும்பினார், மறுபடியும் இடம், மறுபடியும் இடம். ஒரே கோழிப்பொரியல் கடையை மூன்றாம் முறையாகக் கண்டேன். அதன் முன்னாலிருந்த சிக்னலில் மூன்று முறையும் நின்றோம். மாமா மணிக்கூட்டைப் பார்த்தார். மதியப் பூசைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

நான் அப்பாவின் காதில், “அம்மா வழியை விட்டிட்டா, சொல்லுங்கோ,” என்றேன். எப்போதும் வழி சொல்லியே அம்மாவின் உயிரை வாங்கும் அப்பா, அன்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “பேசாமல் இரு,” என்றார். அவருடைய தோள்கள் குலுங்கின.

நான்காம் முறை நின்றபோது மாமா தொண்டையைச் செருமினார். “ஓம் பிள்ளை, உன்ர காலிலை பிழை இல்லை. இனிக் கோயிலுக்கு விடு.”

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்திருந்தது. பூசை தவறிய கவலை கொஞ்சமும் இல்லாமல், அம்மா சிரித்த முகத்தோடு கைகூப்பி நின்றார். அவருக்காக நான்தான் கண்ணை இறுக மூடி வேண்டிக்கொண்டேன்: “பிள்ளையாரப்பா, அம்மா நல்லாக் கார் ஓடுறா. அவவுக்கு வழியை மட்டும் காட்டிவிடு.”