தினமும் பார்ப்பவர்களுக்குத் தெரியாத மாற்றம்

கும்மிடிப்பூண்டியில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை எங்களுக்கு ஷூ கொடுப்பார்கள். ஒரு வருடம் பெண்களுக்கான ஷூ எதுவும் என் காலில் ஏறவில்லை. ஸ்டோரில் இருந்தவர் ஆண்களுக்கானதை எடுத்துத் தந்தார்.

“இன்னாமா, கால் வளந்துக்கினே போவுதா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாளெல்லாம் நின்றபடி வேலை செய்தால் கால் வீங்காதா என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு காரணம் கிடைத்தது. விரல்கள் தடித்து, சின்ன கிளிப்புகளைச் சொருக முடியாமல் போனது; வயசு என்றேன். மாதவிலக்கு நின்றது; சிலருக்குச் சீக்கிரம் நின்றுவிடும் என்றார்கள். சர்க்கரை ஏறியது, மாத்திரை கொடுத்தார்கள். சிலிண்டர் கொண்டுவருபவர் போனில் என் குரலைக் கேட்டு, “ஊட்ல லேடீஸ் யாரும் இல்லியா சார்?” என்றார். சளி என்று சொல்லிச் சமாளித்தேன். புதுவாயலில் எங்கள் வீட்டில் இருப்பது நானும் கணவரும்தான். அவர் எதுவும் சொன்னதில்லை.

என் தங்கை சில வருடங்கள் ஓசூரில் இருந்துவிட்டுக் கடம்பத்தூருக்குக் குடிவந்தாள். வந்த வாரமே என்னைப் பார்க்க வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அக்கா, இன்னா உன் மூஞ்சி இப்டி ஆயிடுச்சி?”

“இன்னா ஆச்சி? நல்லாத்தான கீறா” என்றார் கணவர்.

அவள் அவரைக் கவனிக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பல்லு நடுவுல இவ்ளோ சந்து முன்ன கெடையாதே” என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மணவாள நகரில் தனக்குத் தெரிந்த பல் டாக்டரிடம் என்னை அழைத்துப் போனாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். வாயைப் பார்த்தார். பிறகு என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“செருப்பு சைஸ் மாறிச்சாம்மா? ரொம்ப வேர்க்குதா? தலைவலி இருக்கா?”

“எல்லாம் கீது. பல்லுக்கும் செருப்புக்கும் இன்னா மேடம் சம்பந்தம்?”

பழைய போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். தங்கையின் போனில் அவள் கல்யாணப் படம் இருந்தது. டாக்டர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் பார்த்தேன். மூக்கு, உதடு, தாடை, புருவத்து எலும்பு என்று எதுவும் அந்தப் படத்தில் இருந்தவளுடையதாக இல்லை.

“இன்னிக்கு உங்க பல்லைத் தொட மாட்டேன். இது பல்லு பிரச்சனை இல்ல” என்று சொல்லி, சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு அடியில் உள்ள சுரப்பியில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் வளர்ச்சிக்கான ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. மூக்கு வழியாகவே எடுத்துவிடலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். நான் எப்போது வேலைக்குப் போகலாம் என்று கேட்டேன். கூட வந்திருந்த கணவர் வேறொன்று கேட்டார்.

“பழைய மூஞ்சி வந்துருமா சார்?”

“வீக்கம் கொறையும். எலும்பு வளந்தது வளந்ததுதான்.”

என் முகம் மாறியது கணவருக்கும் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெளியே வந்ததும் கேட்டேன்.

“தெரிஞ்சிக்கினே ஏன் சொல்லல?”

“சொன்னா உனுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு உட்டுட்டேன். நோவுன்னு எனுக்கு இன்னா தெரியும்?”

கோபம் வந்தது. ரயிலில் ஊர் வந்து சேரும்வரை அவரோடு பேசவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை என்று அப்புறம் தோன்றியது. கண்ணாடியை நானும்தான் தினமும் பார்த்தேன்.

ஆபரேஷன் முடிந்தது. தலைவலி போனது, வேர்வை குறைந்தது, விரல்கள் கொஞ்சம் இளைத்தன. குரலும் தாடையும் அப்படியேதான் இருக்கின்றன. கட்டியை முழுதாக எடுக்க முடியவில்லையாம். மாதம் ஒரு ஊசி. கம்பெனியில் கிளிப் வேலையை மாற்றிச் செக்கிங்கில் போட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு என் முகம் இதுதான். அது எனக்கு வசதியாகவே இருக்கிறது.

ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தங்கை துணைக்கு வருவாள். போன மாதம் வரிசையில் என் முன்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அதே மூக்கு, அதே தாடை, பேசினால் அதே கரகரப்பு. நர்ஸ் என்னையும் அந்த அம்மாவையும் பார்த்து, “அக்கா தங்கச்சியா? ரெண்டு பேருக்குமா இந்தப் பிரச்சனை?” என்று கேட்டார்.

“நான்தாங்க தங்கச்சி” என்றாள் பக்கத்தில் இருந்த என் தங்கை, கொஞ்சம் வேகமாகவே.

அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, எனக்கு இடம் விட்டார்.