கீழாநெல்லியிடம் ஒரு பொய்

சென்ற ஞாயிறு வாடிப்பட்டிப் பக்கம் என் மனைவியின் அண்ணன் தவமணி வீட்டில் கறிச்சோறு. விசேஷம் என்னவென்றால், அவருடைய கீழாநெல்லி பாஸாகிவிட்டது!

மஞ்சள்காமாலை என்றதும் தேடி ஓடுவோமே, அதே கீழாநெல்லிதான். ஒரு மருந்து கம்பெனிக்காகப் பயிரிடுகிறார். பருத்தியை விட்டுவிட்டு இதில் இறங்க வேண்டாம் என்று அவர் மனைவி பாண்டியம்மாள் அக்கா தலைபாடாய் அடித்துக்கொண்டார். மச்சான் கேட்கவில்லை. முதல் லோடு அப்படியே திரும்பி வந்தது. யூரியாவாகக் கொட்டி வளர்த்ததில் செடி தளதளவென்று இருந்தது... மருந்துச் சத்துதான் இல்லை. வெறும் கீரை! அடுத்த லோடும் திரும்பினால் ஒப்பந்தம் ரத்து. அக்கா முகத்தில் எப்படி முழிப்பது?

கம்பெனியிலிருந்து ஜெயந்தி என்று ஒரு பெண் வந்தார். மதுரை சௌராஷ்டிரக் குடும்பம், தாவரவியல் படித்தவர். ஸ்பிரேயரில் ஏதோ கலந்தார். நானும் அன்றைக்கு வரப்பில் நின்றிருந்தேன்.

"இது ஹார்மோன்ணே. பூச்சி கடிச்சா செடிக்குள்ள இதுதான் ஊறும். உடனே வளர்றதை நிறுத்திட்டு, பூச்சியை விரட்டச் சத்தைச் சேர்க்கும். அந்தச் சத்துதான் நமக்கு மருந்து."

"நம்ம வயல்ல பூச்சியே இல்லையேம்மா?"

"இல்லைதான். வந்துருச்சுன்னு செடி நெனச்சுக்கிரும்."

"அப்ப செடிக்கிட்டப் பொய் சொல்லச் சொல்றீங்க!"

ஜெயந்தி சிரித்துவிட்டார். இதை மல்லிகை வாசனையிலிருந்துதான் முதலில் பிரித்தெடுத்தார்களாம்; அதனால் பெயரே ஜாஸ்மோனிக் என்று தொடங்கும் என்றார்.

"மாப்ள, இம்புட்டுத்தானா? மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல நாலு பந்து பூ வாங்கியாந்து வரப்புல போட்ருக்கலாமே!" என்றார் மச்சான் என்னிடம்.

"இந்தத் தடவை யூரியா பக்கமே போகக் கூடாதுண்ணே" என்று எச்சரித்துவிட்டுப் போனார் ஜெயந்தி.

அப்புறம்தான் கூத்து. செடிகள் வளர்ச்சியை நிறுத்திவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டன. ரோட்டோர வயல் வேறு. டவுன் பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் துக்கம் விசாரித்தார்கள். "என்னண்ணே, கண்ணு பட்டுருச்சா?" பயிர் இளைத்தால் விவசாயிக்கு அதைவிட என்ன அவமானம்? மச்சானுக்குக் கை நமநமத்தது. யூரியா மூட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஆனால் போடவில்லை — எனக்கு அதுதான் ஆச்சரியம். யார் சொல்லியும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர் அவர்.

கறிச்சோறு பரிமாறும்போது அது எப்படி என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"கம்பெனியில இருந்து போன் வந்துச்சு, யூரியா போடுறீகளான்னு ஆள் விட்டுப் பாக்குறாகளாம்னு சொன்னேன் தம்பி. மனுசன் அடங்கிட்டாரு."

"நெசமாவே போன் வந்துச்சாக்கா?"

"வந்தா என்ன, வராட்டி என்ன? சத்து ஏறிருச்சுல்ல!"

சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். ஆக, பூச்சி வர வேண்டியதே இல்லை. வந்துவிட்டதாகச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் போதும். செடியும் தேறும், புருஷனும் தேறுவான்.

காளவாசலில் இறங்கும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

'ரிப்போர்ட்ல உங்களுக்குச் சுகர் பார்டர்ல நிக்குதாம், டாக்டர் சொன்னாரு' என்று என் மனைவி சொன்ன நாளிலிருந்து சர்க்கரை போடாத காபிதான் குடிக்கிறேன். காலையில் எழுந்து நடக்கிறேன். தொப்பைகூடக் கரைந்துவிட்டது. ஆனால்... அவள் தினமும் தன் மதினி பாண்டியம்மாள் அக்காவோடு போனில் பேசுகிறவளாயிற்றே?

அந்த ரிப்போர்ட்டை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை!