பதினெட்டு ஆகும்வரை ராத்தாவின் பேரில்

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த மாதங்களில்தான் மருதோன்றிக் கோன் செய்து விற்கத் தொடங்கினேன். அப்போது எனக்குப் பதினாறு வயது. சாய்ந்தமருதில் எங்கள் குசினி மேசையில் தூளை அரித்து, சீனியும் தைலமும் சேர்த்துக் குழைத்து, கோனில் அடைத்து, பிரிஜ்ஜில் மீன் பைகளுக்குப் பக்கத்தில் வைப்பேன். போனில் ஒரு பக்கம் திறந்து, எனக்குப் பிடித்த பெயரொன்றை வைத்து, நான் மருதோன்றி போட்டுவிட்ட மணப்பெண்களின் கைகளைப் படமெடுத்துப் போட்டேன். முதலில் கல்முனையிலும் மருதமுனையிலும் இருந்துதான் கேட்டார்கள். பிறகு கொழும்பிலிருந்தும் கேட்டார்கள். அவர்களுக்குக் கார்டில் பணம் கட்டத்தான் விருப்பம்.

இணையத்தில் பணம் பெறும் சேவையொன்றில் பதிய உட்கார்ந்தேன். பிறந்த திகதியைப் போட்டதும், பதினெட்டு வயது நிரம்பியவர் மட்டுமே கணக்குத் திறக்கலாம் என்று வந்தது. வருடத்தை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னது. அதோடு நிறுத்திவிட்டேன்.

கல்யாணமாகியும் எங்கள் வீட்டு வளவிலேயே இருந்த என் மூத்த சகோதரி, ராத்தா, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே சொன்னாள்.

"என்ட பேருல போடுவம். ஒனக்குப் பதினெட்டு ஆனா அத மூடிட்டு ஒன்ட பேருல திறப்பம்."

பக்கத்தில் இருந்த உம்மாவும் தலையாட்டினார். கணக்கோடு பக்கத்தின் கடவுச்சொல்லும் ராத்தாவிடம் போனது. ஓடர்களுக்கு அவள் பதில் எழுதினாள். உயர்தரம் படித்துக்கொண்டே கோன்களை நான் செய்தேன்.

பதினெட்டு வயதான அடுத்த கிழமை, வியாபாரப் பெயரைப் பதியப் பிரதேச செயலகத்துக்குப் போனேன். போன வருடமே அந்தப் பெயரை ஒருவர் பதிந்துவிட்டதாக அங்கிருந்த பெண் சொன்னார். ராத்தாவின் பெயரைச் சொல்லி, உங்களுக்கு யார் என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து கேட்டபோது ராத்தா மறைக்கவில்லை.

"ஓம், நான்தான் பதிஞ்ச. ஆக்களோட கதைச்சி வளத்ததும் நான்தானே. உம்மாட்டக் கேளு."

உம்மா அரிசி கழுவிக்கொண்டிருந்தார். ராத்தாவின் புருஷன், என் மச்சானின் வெளிநாட்டு வேலை போனது, அவளுடைய இரண்டு பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் சொன்னார். "நீ படிச்சி வேலைக்குப் போற புள்ள. அவளுக்கு இது இரிக்கட்டும்" என்றார். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"பதியக்குள்ள நானும் போன."

அது எந்த நாள் என்று எனக்கு விளங்கியது. போன வருடம் ஒரு நாள் டொக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு இருவரும் போனார்கள். வரும்போது எனக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்திருந்தார்கள்.

என் பேரில் கணக்குத் திறக்கக் கொஞ்ச நேரம்தான் எடுத்தது. வேறு பெயரில் புதுப் பக்கம் தொடங்கி, பழைய படங்களையே போட்டேன். முன்பு எங்களிடம் வாங்கிய ஒருவர், அடுத்தவரின் படத்தைத் திருடிப் போட வெட்கமில்லையா என்று எழுதினார். பதிலைத் தட்டினேன். ராத்தாவைக் கள்ளி என்று ஊரார் முன் எழுத மனம் வராமல் அழித்தேன். படங்களையும் எடுத்துவிட்டு, என் இடது கையில் புதிதாகப் போட்டுப் படமெடுத்தேன். ஓடர் மெதுவாகத்தான் வருகிறது.

ராத்தாவுக்கு இப்போது உம்மாதான் கோன் அடைக்கிறார். சில நாட்களில் சீனி எவ்வளவு என்று என்னிடம் கேட்பார். சரியான அளவைத்தான் சொல்கிறேன். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவரோடு கதைக்க முடிவதில்லை.