பனியன் துணியில் பதினெட்டு நிமிடம்

ஞாயிறு, காலை 5.10. மதுரை ஆரப்பாளையத்தில் கோவைப் பேருந்து ஏறினேன். பையில் நான் எடுத்த பதினெட்டு நிமிடப் படம். ஒன்பது விழாக்கள் வேண்டாம் என்றுவிட்டன. திருப்பூர் விழா மட்டும் வரச் சொன்னது. பதினோரு மணிக்குத் திரையிடல். பயத்தில் இட்லிகூட இறங்கவில்லை.

9.45. பல்லடம். இன்னும் பதினைந்து கிலோமீட்டர். திருப்பூர் போகும் தனியார் பேருந்துக்கு மாறி, "பத்தரைக்குள்ள போயிருமாண்ணே?" என்று நடத்துநரை மூன்றாம் முறையாகக் கேட்டேன்.

"வண்டி போயிருமுங்க. நீங்கதான் அதுக்கு முன்னால ஓடீட்டு இருக்கறீங்க."

10.35. விழா ஒரு கல்யாண மண்டபத்தில். பன்னிரண்டு மணிக்கு ஒரு விசேஷத்துக்காகக் காலி செய்ய வேண்டுமாம். பொறுப்பாளர் சண்முகம் பனியன் கம்பெனிக்காரர். திருப்பூரில் துணியை வாடகைக்கு எடுப்பதா என்று தன் கம்பெனியிலேயே திரையைத் தைத்து வந்துவிட்டார். வெட்டிய பனியன் துணி ஓரத்தில் சுருளும் என்பதை அந்த உற்சாகத்தில் மறந்துவிட்டார். ஒரு வெளிநாட்டுப் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். துணி கீழிருந்து சுருட்டிக்கொண்டு கதாநாயகியின் தாடைவரை போனது. சப்டைட்டிலைக் காணோம்.

10.55. "உங்க படத்த நாளைக்குப் போட்டுக்கலாங்களா?" என்றார் சண்முகம்.

நாளை திங்கள். ஊரே கம்பெனிக்குப் போய்விடும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நாளைக்கு நாற்காலிக்கா படம் காட்டப் போறீங்க?" என்று கத்தினேன்.

"தப்புத்தானுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். திருப்பித் திட்டாத மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

அவர் கம்பெனியில் தைத்த பனியன்களில் பழுது தேடும் செக்கிங் வேலை பார்க்கும் சரஸ்வதி கூட்டத்திலிருந்து எழுந்து வந்தார். "புடிச்சா நிக்குமுங்க. நீங்க படத்தப் போடுங்க." தன்னோடு ஐந்து பெண்களை அழைத்தார். துணியின் கீழ் ஓரத்தைத் தரைக்கு இழுத்து, அதன்மேல் திரைக்கு முதுகைக் காட்டி வரிசையாக உட்கார்ந்தார்கள். யாராவது திரும்பினால் துணி அசைந்தது. அதனால் யாரும் திரும்பவில்லை.

11.20. படம் ஓடியது. பதினெட்டு நிமிடமும் நான் படத்தைப் பார்க்கவில்லை. அந்த ஆறு பேரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் கூட்டம் கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"படம் நல்லா இருந்துச்சுங்க" என்றார் சரஸ்வதி, காலை நீவிக்கொண்டே.

"நீங்க பாக்கவே இல்லையேம்மா?"

"எதுக்கால இருந்தவங்க மொகத்தப் பாத்தமுங்க. கடைசில ஒருத்தரும் கண்ணச் சிமிட்டல."

மதுரைக்குப் பன்னிரண்டு மணிப் பேருந்தில் திரும்புவதாக இருந்தேன். போகட்டும் என்று விட்டுவிட்டேன். மண்டபத்துப் படியில் அந்த ஆறு பேரையும் உட்கார வைத்து லேப்டாப்பைத் திறந்தேன். அவர்கள் படத்தைப் பார்த்தார்கள். நான் எதிரே நின்று அவர்கள் முகத்தைப் பார்த்தேன்.