அடி விழுந்தால் குளற வேண்டும்

ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்துக்கொண்டு நின்றபோது மகேந்திரன் அண்ணையின் மனைவி ரெலிபோன் எடுத்தா. "தங்கச்சி, அண்ணை போயிட்டார். மாரடைப்பு."

அண்ணையை நினைக்க இங்கே கூடியிருக்கிற நீங்கள், கோயிலில் கண்டதை வைத்து அவரைச் சாது என்பீர்கள். அவருடைய வேலையோ கொலை. யப்பான் காட்டூன் படங்களுக்கு இங்கிலிசில் வசனம் எழுதி, ஆட்களைப் பேச வைப்பார். இங்கே யேர்மனியில், நொய்கெல்ன் பகுதியில் நிலத்துக்குக் கீழே இருந்த அந்த ஸ்ரூடியோவை நான்தான் துப்புரவாக்கினேன். கதவைத் திறந்தால் திரையில் ஒருவனின் கழுத்து அறுபடும், இன்னொருத்தியின் கை பறக்கும். படத்தில் வாய் எத்தனை தரம் திறக்குதோ, அத்தனைக்குத்தான் சொல் வைப்பார். "சாகிறவனுக்கும் அளந்துதான் கதை குடுக்கிறன்" என்பார்.

குளறல்களை, அதுதான் அடி விழக் கத்துகிற சத்தங்களை, கடைசியில்தான் பதிவார்கள். குளறினால் தொண்டை போய்விடும். ஒருநாள் அதுக்கு வர வேண்டியவள் வரவில்லை.

"தங்கச்சி, தும்புத்தடியை வைச்சிட்டு வாங்கோ."

"எனக்கு இங்கிலிஸ் தெரியாதே அண்ணை."

"உதை வாங்கிறவளுக்கு என்னத்துக்கு இங்கிலிஸ்?"

படத்தில் ஒருவன் ஒரு பெண்ணைச் சுவரோடு மோதி வயிற்றில் உதைத்தான். நான் பல்லைக் கடித்து மூச்சை அடக்கினேன். திரும்பவும் உதைத்தான். திரும்பவும் அடக்கினேன்.

"சத்தம் வரேல்லையே!"

"சத்தம் போட்டால் இன்னும் விழும் அண்ணை."

வாய் தவறி வந்துவிட்டது. என்ர மனுசன் எட்டு வருசமாக அடிக்கிறான் என்று அதுவரை ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்குக் கேளாமல் அடி வாங்கப் பழகியிருந்தேன்.

அண்ணை படத்தை நிறுத்தினார். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. "இந்தக் காட்சியை உங்களுக்கெண்டு விட்டு வைக்கிறன். வேற ஆளைக் கூப்பிடமாட்டன்" என்றார். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிய, என்னை மைக்குக்கு முன்னால நிற்பாட்டி, கண்ணாடிக்கு அங்கால நின்று குளறச் சொல்லிக் கை காட்டுவார். ஐந்தாம் வெள்ளி குளறினேன். ஹெட்போனைக் கழற்றி எறிந்தார். "என்னைச் செவிடாக்கிப் போட்டியள்!" சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

பிறகொரு ஞாயிறு மத்தியானம், கறியில் உப்புக் கூடிவிட்டதென்று மனுசன் என் தலையை அலுமாரியில் மோதினான். கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது. குளறினேன். நாலு மாடிக்கும் கேட்டது. மேல்வீட்டு யேர்மன்காரி கதவை உடைக்கிற மாதிரித் தட்டினா. பொலிஸ் வந்து மனுசனைக் கொண்டுபோனது. போகும்போது, "நாய் மாதிரிக் கத்தாதையடி" என்றான். அதுதான் அவன் எனக்குச் சொன்ன கடைசிக் கதை.

குடும்பத்தைப் பிரித்தவர் என்று அண்ணையை ஏசினார்கள். உங்களிலும் சிலர்தான். "நான் பிரிக்கேல்லை, குளறத்தான் சொன்னனான்" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் தொண்டைதான். அவரை எரிக்கக் கொடுத்த அன்று, அங்கே வேலை செய்கிற யேர்மன்காரர் வந்து, கொஞ்சம் மெதுவாக அழச் சொன்னார்.

ஏலாது என்றேன்.