சம்பந்தி சாப்பிடாமல் போன மத்தியானம்

என் இடது கைச் சுட்டுவிரலில் இரண்டு சிறிய வெள்ளைத் தழும்புகள் இருக்கின்றன. பேத்தியின் கீழ்ப்பற்கள் பதிந்த இடம். அப்போது அவளுக்கு நான்கு வயது. பிறவியிலேயே நாக்கின் அடிச்சவ்வு நுனிவரை ஒட்டியிருந்ததால் நாக்கு மேலே எழும்பாது, உதட்டைத் தாண்டி நீளவும் செய்யாது. சொற்கள் வாய்க்குள்ளேயே குழைந்துவிடும். மற்ற பிள்ளைகள் சிரித்ததால் எல்.கே.ஜி. வகுப்பில் பேசுவதையே விட்டுவிட்டாள். தஞ்சாவூரில் ஒரு டாக்டர் மயக்கம் கொடுத்து அந்த ஒட்டை வெட்டிவிட்டார்.

வெட்டியது சில நிமிட வேலை. பாடெல்லாம் பிறகுதான். புண் ஆறும்போது மறுபடி ஒட்டிக்கொள்ளப் பார்க்குமாம். அப்படி ஒட்டாமலிருக்க, ஒரு நாளைக்குப் பல முறை கழுவிய விரலை நாக்கின் அடியில் கொடுத்துத் தூக்கி, ஐந்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். தவறினால் மறுபடி மயக்கம், மறுபடி வெட்டு. மாப்பிள்ளை சிங்கப்பூரில், மகள் வங்கி வேலைக்குப் போய்விடுவாள். பகல் முறைகள் என் தலையில் விழுந்தன. நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன், ஐந்துவரை எண்ணுவதில் என்ன சிரமம் என்று நினைத்தேன். மூன்றைத் தாண்டுவதே பெரும்பாடாக இருந்தது. அவள் உதைப்பாள், அலறுவாள், கடிப்பாள். முடிந்ததும் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டு, ஏதோ கொலை செய்தவனைப் பார்ப்பதுபோல என்னையே பார்ப்பாள்.

அந்த நேரத்தில்தான் சம்பந்தி வந்து சேர்ந்தார். மாப்பிள்ளையின் அப்பா, ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயி. குறுவை நெல் அறுத்த கையோடு, தாளடி நடவுக்கு முன்னால் பேத்தியோடு சில நாள் இருந்துவிட்டுப் போகலாமென்று பதினோரு இளநீரோடு வந்து இறங்கினார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும். பேத்தி அழுதால் அவருக்கும் கண் கலங்கிவிடும். என் கைகழுவும் சத்தம் கேட்டதுமே அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு நடந்துவிடுவார்.

“ஆறுற புண்ணைப் போயி யாராவது கிளறுவாங்களா சம்பந்தி?” என்பார். புண்ணின் மேல் வெள்ளையாகப் படர்ந்திருந்ததைக் காட்டி, “பாருங்க, சீழ் வச்சிடுச்சு” என்றார். அது சீழ் இல்லை, வாய்ப்புண் ஆறும்போது அப்படித்தான் படரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதை நானும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்றால், ஆமோதிப்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டே. எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவன் சம்பந்தி பேச்சை மறுப்பதில்லை. சாம்பாரில் உப்பில்லை என்று அவர் சொன்னால், இருக்கிற உப்பும் இல்லையென்றே ஆகிவிடும். முப்பத்தாறு வருஷம் ஊரார் பிள்ளைகளின் கணக்கைத் திருத்தியவன், ஒரே ஒரு மனிதரைத் திருத்த வாயெழாமல், கழுவிய கையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சம்பந்தியோ பக்கத்து வீட்டுக்காரரிடம், வாத்தியாருக்கு யாரையாவது கையில் பிடித்து வதைக்காமல் பொழுது போகாது என்று சொல்லிச் சிரித்தார்.

அடுத்த முறை காட்டப் போனபோது டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. ஓரங்களில் ஒட்டத் தொடங்கியிருக்கிறது, இன்னும் சில நாள் இப்படியே விட்டால் திரும்ப வெட்டத்தான் வேண்டும் என்றார். வரும் வழியில் ஆட்டோவில் மகள் கேட்டாள்: “ஏம்ப்பா, அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் மருமக, நான் எப்படிச் சொல்வேன்?”

மறுநாள் மத்தியானம் சம்பந்திக்கு இலை போட்டாயிற்று. சாப்பாட்டுக்கு முன்னால் செய்துவிடலாமென்று நான் கை கழுவினேன். வழக்கம்போல அவர் பேத்தியை மடியில் இழுத்துத் துண்டால் மூடிக்கொண்டார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். “டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க” என்றார்.

“குழந்தைய விடுங்க. விட முடியலைன்னா நீங்க ஊருக்குப் போங்க.”

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. சம்பந்தி பேத்தியை மெல்ல இறக்கிவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பரிமாறிய இலையை ஒருமுறை பார்த்துவிட்டு, கை நனைக்காமலே படியிறங்கிப் போய்விட்டார். பேத்தி அவர் பின்னால் ஓட, நான் பிடித்து நிறுத்தினேன். அன்றைக்குத்தான் இந்தத் தழும்பு விழுந்த கடி பட்டது. அன்றைக்குத்தான் முதல் முறையாக ஐந்துவரை எண்ணினேன்.

மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து பேசினார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. மகள் என்னைப் பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. இந்தப் பிளவு அவள் வாழ்க்கையில் எங்கே போய் விடியுமோ என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், எந்தக் கணக்கும் நேராகவில்லை. புண் மட்டும் ஒட்டாமல் ஆறியது. அதற்குப் பிறகும் பேத்தி நெடுநாள் என் பக்கத்தில் வரவில்லை.

பொங்கலுக்கு மகளையும் பேத்தியையும் கொண்டுபோய் விடச் சம்பந்தி வீட்டுக்கு நானே போனேன். “வாங்க” என்றார். அதோடு சரி. பேத்தி அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, தன் பள்ளிக்கூடத்துக் கதைகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். டீச்சர் பெயர், சண்டை போட்ட பிள்ளையின் பெயர், எல்லாம் எதிர் நாற்காலியிலிருந்த எனக்கும் தெளிவாகக் கேட்டன. நான் பார்ப்பதைக் கண்டதும் பேச்சை நிறுத்தி, என்னைப் பார்த்துப் பழிப்புக் காட்டினாள். நாக்கு முழுசாக வெளியே வந்து மோவாயைத் தொடப் பார்த்தது.

“பெரியவங்கள பார்த்து நாக்க நீட்டுறதா?” என்று சம்பந்தி அவளை அதட்டினார்.

“நீட்டட்டும் விடுங்க. இன்னொரு தரம் நீட்டச் சொல்லுங்க.”

சம்பந்தி என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, “எங்க, தாத்தாவுக்கு இன்னொரு தரம் காட்டு” என்றார்.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். சம்பந்தி சிரித்தார். என்னைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்துத்தான்.