பால் காய்ச்சிய பயிற்சியாளர்

ஜெர்மனியில் அமெரிக்கன் ஃபுட்போல் பயிற்சியாளராக முன்னேற வேண்டுமானால், முதலில் வேலையிலிருந்து நீக்கப்பட வேண்டும். ஹனோவரில் என் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. புதிய சிந்தனை தேவை என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள். அதே வாரம் மியூனிக்கில் ஓர் அமெரிக்கப் பயிற்சியாளரையும் அதே காரணம் சொல்லி அனுப்பினார்கள். பிறகு அவருடைய வேலை எனக்குக் கிடைத்தது, என்னுடையது அவருக்கு.

இந்த நாட்டில் வாடகைக்கு வீடு தேடுவது தோற்பதைவிடக் கொடுமை. அதனால் வீடுகளையும் மாற்றிக்கொண்டோம். மியூனிக் வீட்டில் என் மனைவி முதல் வேலையாகப் பால் காய்ச்சினாள். சாவி கொடுக்க நின்ற அமெரிக்கர், இது எதற்கு என்று கேட்டார். பால் பொங்கினால் எல்லாம் நல்லபடி நடக்கும் என்றேன். மனிதர் மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

இரண்டு பருவம் இருவரும் தோற்றோம். கழகங்கள் மறுபடியும் புதிய சிந்தனையைத் தேடி, எங்களையே கண்டுபிடித்தன.

ஹனோவர் வீட்டுக்குத் திரும்பி வந்தால், அடுப்பு முழுவதும் பொங்கி வழிந்து கருகிய பால். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு காய்ச்சினாராம், கீழ்வீட்டுப் பெண் சொன்னாள். இவ்வளவு பால் பொங்கியும் உருப்படியாக ஓர் ஆட்டம் வெல்லவில்லை. எரிச்சலோடு சுரண்டத் தொடங்கினேன்.

"இஞ்சையப்பா, வடிவா மினுக்குங்கோ," என்றாள் மனைவி, பெட்டிகளில் ஒன்றையும் திறக்காமல். "அந்த மனிசன் திரும்பி வரேக்கை அடுப்பு துப்புரவா இருக்க வேணும்."